காஞ்சிபுரத்தில் என் நாரை வாத்தானது

தாமல் ஏரிக்கரை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. வலது செருப்பின் வார் அறுந்து, அதை ஒரு ஊக்கு பிடித்துக்கொண்டிருந்தது. தோளில் பை. பைக்குள் ஏழு பிரஷ், நேர்கோடு அடிக்க ஒரு உருண்டை சுண்ணாம்பு நூல், மாற்றுச் சட்டை ஒன்று. மண்டபத்து முதலாளி ஆள் விட்டுக் கூப்பிடுவார் என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. அதன் பிறகு திரும்பாமல் நடந்தேன்.

அந்தப் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அருவியும் காடும் எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் முதலாளி வந்து பார்த்தார்.

“இந்த மரம்லாம் இன்னாத்துக்கு இத்தினூண்டு இருக்குது?”

“அது தூரத்துல இருக்குண்ணே. தூரத்து மரம் சின்னதாத்தான் தெரியும்.”

“எல்லா மரமும் என் செவுத்துலதான இருக்குது? இதுல இன்னா தூரம்?”

அவர் எல்லா மரத்தையும் ஒரே அளவாக்கச் சொன்னார், நான் பிரஷைக் கழுவினேன். அதுவரை செய்த வேலைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து நான் கிளம்பிய ஊர்களை விரல் விட்டு எண்ண முடியாது. சண்டை போட்டுக் கிளம்பியவை குறைவு. பெரும்பாலும், காலையில் எழும்போதே கால் வாசலைப் பார்த்திருக்கும், அவ்வளவுதான்.

ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. ஏற்கெனவே ஏழு பேர் இருந்தார்கள். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அரை உடம்பாக உட்கார்ந்தேன். நாலு கிலோமீட்டர் போனதும் வண்டி இருமி நின்றது. “கேஸ் தீந்துச்சு, கொஞ்சம் தள்ளுங்கப்பா” என்றார் ஓட்டுநர், மழை வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வாழைத்தார் வைத்திருந்த ஒரு அம்மா மட்டும் இறங்கவில்லை.

“நீயும் எறங்கும்மா, கனம் கொறையும்.”

“எறங்குனா எடம் போயிடும். நீ தள்ளு.”

தாரோடு சேர்த்து அவரையும் பெட்ரோல் பங்க் வரை தள்ளினோம். எங்கள் தூத்துக்குடிப் பக்கமாக இருந்தால் இதற்கு ஒரு பெரிய சண்டை நடந்திருக்கும். இங்கே சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். இந்தப் பக்கத்து மனிதர்களை எனக்கு முதலில் பிடித்துப்போனது இந்த மாதிரி ஒரு இடத்தில்தான். அப்போது என்னோடு அந்தோணி இருந்தான்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைக்காலம் முழுக்க அந்தோணியும் நானும் காஞ்சிபுரத்தில் லாரிகளின் பின்பலகையில் எழுதினோம். எழுத்து அவன் வேலை, படம் என் வேலை. கழுகு, குழந்தை முகம், பசுமாடு. நாங்கள் படித்தவர்கள் இல்லை, அதனால் எங்களுக்கென்று சொற்கள் வைத்திருந்தோம். ஒரு முகத்தின் நடு நிறத்துக்குச் ‘சாயங்காலம்’ என்று பெயர். நிழலுக்கு ‘ராத்திரி’. மூக்கு நுனியிலும் கண்மணியிலும் கடைசியாக வைக்கிற வெள்ளைப் புள்ளிக்கு ‘மின்னல்’. முதலில் சாயங்காலம் பூசு, அப்புறம் ராத்திரி, எல்லாம் காய்ந்த பிறகு மின்னல். மின்னல் வைத்ததும் லாரிக்காரர்கள் ஓரடி பின்னால் போவார்கள். அதைப் பார்க்கவே அந்தோணி எழுத்தை நிறுத்திவிட்டுத் திரும்புவான். இப்போது அவன் கரூரில் மாமனாரின் மளிகைக் கடையில் இருக்கிறான். போன் பண்ணினால் எடுப்பான். பின்னால் யாராவது பருப்பு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஒரு தட்டுக்கடையில் இட்லியும் வடகறியும் வாங்கினேன். எங்கள் ஊரில் மிஞ்சிய வடை எங்கே போகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே அதை உதிர்த்துக் குழம்பாக்கி, அதற்கென்றே ஆள் வரிசையில் நிற்கிறது. நாலு இட்லி உள்ளே போனதும் கை சும்மா இருக்கவில்லை. பார்சல் கட்டுகிற தாள் ஒன்றில், வாழைத்தார் அம்மா ஆட்டோவில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பேனாவால் கிறுக்கினேன்.

“கை நல்லா ஓடுதேண்ணா. பறவ வருமா உங்களுக்கு?”

பார்சலுக்கு நின்றிருந்த பெண் கேட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனிகளில் காகிதத் தூள் ஒட்டியிருந்தது.

“வரும். என்ன பறவை?”

“எதுனாச்சும். இந்த ஊரு பொடவையில இதுவரைக்கும் வராத பறவ.”

அவள் பெயர் ரூத். காதர் பாய் கடையில் பன்னிரண்டு வருஷமாக அட்டை அடிக்கிறாள். அட்டை என்றால், புடவையில் வரவேண்டிய படத்தைத் தறிக்குச் சொல்லுகிற அட்டை. கட்டம் போட்ட தாளில் படம் இருக்கும். ஒரு வரிக்கு ஒரு அட்டை. கட்டம் நிரம்பியிருந்தால் ஓட்டை, காலியாக இருந்தால் ஓட்டை இல்லை. அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் மேல் பெட்டியில் மாட்டினால், எந்த இழை தூக்க வேண்டும் என்று தறி ஓட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது.

ஒரு பட்டுக்கடை முதலாளி அவளிடம் சொல்லியிருந்தார்: சனிக்கிழமை வா, உன் சொந்தப் படம் ஒன்றை நெய்து கொண்டு வா. பிடித்திருந்தால் என் கடையில் டிசைன் போடுகிற நாற்காலி உனக்கு. கம்ப்யூட்டரில் போடுகிற பையன்கள் அவரிடம் இருந்தார்கள். ஆனால் தறி தெரிந்த ஒரு ஆள் வேண்டும், எல்லாக் கடையிலும் ஒரே மாங்காய் டிசைன் வந்துகொண்டிருக்கிறது என்பது அவருடைய குறை.

“எனக்குக் கட்டம் வரும்ணா, கோடு வராது. பன்னெண்டு வருசமா அடுத்தவங்க படத்துக்கு ஓட்ட போட்டுக்கினு இருக்கறேன். இந்த ஒரு வாட்டி வுட்டா அப்பால அவுரு கூப்புட மாட்டாரு.”

“என்ன குடுப்ப?”

“மூணு வேள சோறு. பின்னால சாய்ப்புல படுத்துக்கலாம். அதுக்கு மேல கேட்டா என் வூட்டுக்காரரு அழுதுடுவாரு.”

அன்று திங்கட்கிழமை.

அவள் கணவன் தேவா நெசவாளி. நான் ரூத்தைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டதும், அவன் குழித்தறியில் உட்கார்ந்தபடியே என்னை ‘மச்சான்’ ஆக்கிவிட்டான். என் பெயரைக் கேட்டான்.

“இசக்கி.”

“இன்னா பேருபா அது! தும்முன மாதிரி இருக்குது.”

தறியில் ஒரு புடவை முடிந்து அறுத்தாகிவிட்டது. அடுத்த பாவு, அதாவது நீளவாக்கு நூல், தறியில் ஏற வேண்டும். பழைய பாவின் மிச்சம் கொஞ்சம் இருந்தது. அதில்தான் மாதிரி நெய்ய வேண்டும். இரண்டு பறவைக்குப் போதும், மூன்றாவதுக்கு நூல் கிடையாது என்றான் தேவா.

செவ்வாய்க்கிழமை வரைய உட்கார்ந்தேன். பறவை எது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. தாமல் ஏரியில் தினமும் காலையில் ஒற்றைக் காலில் நின்ற நாரை ஒன்று கண்ணிலேயே இருந்தது. கழுத்தைப் பாதி மடக்கி, இன்னும் முடிவு செய்யாத மாதிரி நிற்கும். நான் பென்சிலால் வரைந்து, விரலால் தேய்த்து நெஞ்சுக்குக் கீழே நிழல் கொடுத்தேன். ரூத் வேலைக்குப் போகும் முன் வந்து பார்த்தாள்.

“இது இன்னாண்ணா அழுக்கு?”

“அழுக்கு இல்ல தங்கச்சி. நிழல். அதுதான் ஒடம்பு உருண்டையா தெரியும்.”

“இந்த நெழலு எந்த கட்டத்துல வருது?”

நான் நிழலின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

“ஓட்ட இருக்கும், இல்லன்னா இருக்காது. பாதி ஓட்டன்னு ஒண்ணு கெடையாதுண்ணா.”

தேவா தறிக்குள்ளிருந்து சிரித்தான். “மச்சான் சாயங்காலத்துக்கு அலையறாரு. எங்க தறியில பகலும் ராத்திரியும்தான்.” முந்தின நாள் சாப்பிடும்போது அந்தோணியின் சொற்களை அவர்களிடம் சொல்லியிருந்தேன். வேறொருவர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டபோது, அந்தோணி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

ரூத் ஒரு பழைய தாளைக் காட்டினாள். ஒன்று விட்டு ஒன்று நிரப்பிய கட்டங்கள். தூரத்தில் வைத்துப் பார்த்தால் பாதி நிறமாகத் தெரிந்தது. “இத்த வேணா போட்டுக்கலாம். ஆனா சின்ன பறவைக்குப் போட்டா சொறி புடிச்ச மாதிரி இருக்கும்” என்றாள். கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள்.

“இன்னொண்ணுண்ணா. தாள்ல கட்டம் சதுரமா இருக்குது, தறியில அப்பிடி இருக்காது. மூணு வரி சேந்தாதான் ரெண்டு கட்ட ஒசரம். அதனால நெட்டையா போடுங்க. தறி அமுக்கிடும்.”

சரி என்று தலையாட்டினேன். கேட்டுத்தான் ஆட்டினேன். நெட்டையாகவே ஒரு நாரை போட்டேன். பனைமரத்துக்கு அலகு முளைத்த மாதிரி இருந்தது. இரண்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எச்சில் ஊறாத வாயோடு மதியச் சோறு சாப்பிட்டேன்.

“இன்னா மச்சான், மொகம் செத்துருக்குது?” என்றான் தேவா. “நாளைக்கி என் சைக்கிள எடுத்துக்கினு திருப்பருத்திக்குன்றம் போயிட்டு வா. கோயிலு மேக்கூரையில படம் இருக்குது. நெழலே கெடையாது. பாத்தா புரியும்.”

புதன்கிழமை போனேன். சைக்கிள் செயின் மூன்று இடத்தில் கழன்றது. மூன்றாவது இடத்தில் ஒரு பஞ்சர் கடைக்காரர் என் கையைப் பார்த்து, “மை பூசிக்கினு கல்யாணத்துக்கா போற?” என்று கேட்டுத் துடைக்க மண்ணெண்ணெய் கொடுத்தார். சமணக் கோயிலில் அந்த நேரம் ஆள் இல்லை. திறந்துவிட்டவர் மண்டபத்தின் விதானத்தைக் காட்டி, “நின்னுக்கினு பாத்தா கழுத்து போயிடும். படுத்துக்குங்க” என்றார்.

கல்தரை குளிர்ந்திருந்தது. மல்லாந்து படுத்தேன். மேலே பட்டை பட்டையாக ஊர்வலம், ஆடுகிறவர்கள், யானை, சாமரம். நிறம் சில இடத்தில் உதிர்ந்திருந்தது. ஒரு முகத்திலும் ராத்திரி இல்லை, மின்னலும் இல்லை. ஒரே நிறத்தை நிரப்பி ஓரத்தில் கோடு இழுத்திருந்தார்கள். அந்தக் கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக ஓடவில்லை. இடுப்பு திரும்புகிற இடத்தில் பருத்து, விரலுக்கு வரும்போது மெலிந்தது. அந்த ஏற்ற இறக்கத்திலேயே உடம்பு உருண்டையாகத் தெரிந்தது. தூரமும் கிடையாது. பின்னால் நிற்கிறவர் சின்னதாக இல்லை. முக்கியமானவர் பெரியவர், மற்றவர் சின்னவர், அவ்வளவுதான். மண்டபத்து முதலாளி இங்கே வந்திருந்தால் கையைத் தட்டியிருப்பார் என்று நினைத்துத் தனியாகச் சிரித்தேன். ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தேன். என் வாழ்க்கையில் அதிகமாகப் பார்த்த கூரைகள் பஸ் ஸ்டாண்டு கூரைகள். இப்படி ஒன்றின் கீழே படுத்தது அன்றுதான்.

திரும்பி வந்ததும் உட்கார்ந்தேன். நிழல் இல்லாமல், ஓரக்கோடு மட்டும் பருத்தும் மெலிந்தும் வர, அந்த நாரையைப் போட்டேன். கழுத்து ஒரே மூச்சில் வந்தது. கட்டம் கட்டமாக நிரப்பினேன். தொண்ணூற்றாறு வரி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் கை எனக்கே பிடித்திருந்தது. சாயந்தரம் ரூத்திடம் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை அவள் அட்டை அடித்தாள். மதியத்துக்கு மேல் தேவா நெய்ய உட்கார்ந்தான். நான் காஞ்சிபுரம் இட்லி தேடிக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். மிளகும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்தது. ஓசிச் சோறு தின்கிறவன் வெறுங்கையோடு வரக்கூடாது என்று மூன்று பேருக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் தறிச் சத்தம் இல்லை.

தேவா என்னைப் பார்த்தான். “மச்சான், நீ நாரதான போட்ட?”

“ஆமா.”

“இது நாரையோட மாமியாரா?”

அரக்குப் பட்டில் ஜரிகையால் ஒரு வாத்து உட்கார்ந்திருந்தது. கழுத்து உடம்புக்குள் இறங்கி, கால் கட்டையாகி, பெருத்த பின்பக்கத்தோடு. அலகு மட்டும் என்னுடையது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “தேவா, தீவாளிக்கு அடிச்சிக் கொழம்பு வைக்கலாம் போலகீதே” என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. கோயில் கூரையைப் பார்த்துவிட்டு வந்த மயக்கத்தில் நெட்டை என்பதையே மறந்து, கண்ணுக்கு அழகாக வரைந்திருந்தேன். தறி தன் வேலையைச் செய்துவிட்டது.

“நீ பாக்கலயா தங்கச்சி?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ரூத் தாளைக் கையில் வைத்திருந்தாள். “நான் எங்கண்ணா படத்த பாத்தேன்? வரி வரியா ஸ்கேலு வெச்சு எண்ணிக்கினே போவேன். நூத்தி நாப்பது அட்டைக்கு மேல வரும்னு நெனச்சேன். தொண்ணூத்தி ஆறோட முடிஞ்சதும் சீக்கிரம் முடிஞ்சிச்சேன்னு சந்தோசப்பட்டேன் பாரு, என்ன செருப்பால அடிக்கணும்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சனிக்கிழமைக்கு நடுவில் ஒரே நாள். பாவில் இன்னும் ஒரே பறவைக்கு இடம். இட்லியை யாரும் பிரிக்கவில்லை.

நான் சாய்ப்புக்குப் போய்ப் பையை எடுத்தேன். இப்படிப்பட்ட நேரங்களில் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அந்தோணியைக்கூட ஒரு தடவை சேலத்தில் இப்படி விட்டுவிட்டு வந்திருக்கிறேன், பாதி எழுதிய லாரியோடு. அவன் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. வாசலுக்கு வந்தபோது ரூத் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

“போறதுன்னா போங்கண்ணா. ஆனா கழுத்து எந்த வரியில வளையுதுன்னு காட்டிட்டுப் போங்க.”

பையோடேயே உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மூன்று பேரும் அந்தத் தாளின் மேல் குனிந்திருந்தோம். ரூத்தின் கணக்கு எளிது. இரண்டு வரிக்கு ஒரு வரி கூட்டினால் தொண்ணூற்றாறு நூற்றுநாற்பத்து நாலாகும், தறி அமுக்கினாலும் நாரை நாரையாகவே இருக்கும். புதிதாக வரைய வேண்டாம், அடித்த அட்டைகளும் வீணாகாது. அவள் ஒரு துண்டுத் தாளில் கழுத்தை மட்டும் அப்படிக் கூட்டிப் பார்த்தாள். கழுத்து மாடிப்படியாக வந்தது.

“ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஒரே சீரா கூட்டாத” என்றேன். “நேரா போற எடத்துல எத்தனை வேணாலும் கூட்டு, கண்ணு கண்டுபிடிக்காது. காலு, முதுகு, அலகுக்குக் கீழ இருக்கற வெறும் எடம். வளைவு வர்ற எடத்துல கூட்டுனா காட்டிக்குடுத்துரும். அங்க ஒரே வரிய ரெண்டு தடவ போடாத. நடுவுல புதுசா ஒண்ணு போடணும்.”

“புதுசுன்னா எப்பிடி? எத்தினி கட்டம்?”

“எத்தனன்னு தெரியாது. இந்தப் பக்கம் ஒரு கட்டம் தின்னணும், அந்தப் பக்கம் ஒரு கட்டம் கக்கணும். கோடு போற மாதிரி.”

“எனக்குக் கோடு வராதுன்னு சொன்னேன்ல.”

நான் பென்சிலை எடுத்தேன். எடுத்துத் தாளில் வைத்தபோது, எந்தக் கட்டத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கழுத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் என்னால் இழுக்க முடியும். அதைக் கட்டத்தில் நிறுத்த முடியவில்லை. இரண்டு தடவை வைத்து இரண்டு தடவை அழித்தேன். ரூத் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பென்சிலைப் பிடுங்கினாள்.

“நகருங்கண்ணா. நீங்க வாயால சொல்லுங்க.”

நான் விரலால் காற்றில் கழுத்தை இழுத்தேன். அவள் எண்ணினாள். “மேல மூணு, அப்பால ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, இப்ப நேரா, இப்ப திரும்புது, ஒண்ணு, ரெண்டு...” ஒரு வளைவு இப்படி எண்ணாக மாறும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சரிவு மெதுவாக இருக்கும் இடத்தில் எண்கள் மெதுவாக மாறின. திடீரென்று திரும்பும் இடத்தில் குதித்தன. பத்து வரி போனதும் நான் காற்றில் இழுப்பதை நிறுத்திவிட்டேன். அவள் கவனிக்கவில்லை. தானே எண்ணிக்கொண்டு, தானே நிரப்பிக்கொண்டு போனாள்.

தேவா என் காதோரம் குனிந்து, “கோடு வராதாம்” என்றான்.

காதர் பாய் மதியத் தொழுகைக்குக் கடையைச் சாத்துகிற நேரம் அது. ரூத் போய் நின்றதும் அவர் சாவியைக் கொடுத்தார். “பங்க்காவ சுத்த வுட்டுக்கோ. எந்திரத்த ஒடச்சிடாத. கூட நிக்கறவரு யாரு, வெளியூரா? அவர தொட வுடாத.” அவள் விசைகளை விரலால் அமுக்கிக் காலால் மிதித்து ஓட்டை போட, நான் அட்டைகளை வரிசை குலையாமல் அடுக்கினேன். சாயந்தரம் தேவா அட்டையை மாட்டினான். மிச்சப் பாவு முடிய, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாரை நின்றது. ஒற்றைக் காலில், கழுத்தைப் பாதி மடக்கி.

பட்டுக்கடைக்கு ரூத்தோடு நான் போனேன். மாடியில் முதலாளி மெத்தையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். துணியை வாங்கி மடியில் விரித்தார். சிரித்துவிட்டார்.

“ஏமம்மா! கல்யாணப் பொடவையில மீனு புடிக்கறவனா? பொண்ணு வூட்டுக்காரங்க என்ன மண்டபத்துக்குள்ள வுடுவாங்களா?”

எனக்குக் கால் வாசலைப் பார்த்தது. ரூத் நகரவில்லை. முதலாளி துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே கொண்டுபோனார்.

“இந்தக் கழுத்து யாரு போட்டது?”

“பறவ அவுருது” என்று ரூத் என்னைக் காட்டினாள். “கழுத்து என்னுது.”

அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கட்டத்தாளை எடுத்து வந்தார். கம்ப்யூட்டரில் போட்ட அன்னம். கழுத்து மாடிப்படியாக இறங்கியது.

“மூணு மாசமா இது இப்பிடியேதான் வருது. இங்கயே ஒக்காந்து சரி பண்ணு. அவுரு பேசக்கூடாது.”

அந்த இருபது நிமிஷம் நான் பட்ட பாட்டை எந்தச் சாரத்திலும் பட்டதில்லை. மூன்று மாடி உயரத்தில் கயிறு அறுந்தபோதுகூட இவ்வளவு வேர்க்கவில்லை. ரூத் ஸ்கேலை வைத்தாள், எடுத்தாள், உதடு அசைய எண்ணினாள். மேலே அழகாக வந்தது. நெஞ்சுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரே வரியை இரண்டாம் தடவை போடப்போனாள். தப்பு. என் வலது கை தானாக எழுந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் கையை அக்குளில் சொருகிக்கொண்டேன். பென்சில் தாளுக்கு மேல் நின்றது. அவள் ஸ்கேலைத் தள்ளிவிட்டு, தாளைத் தூக்கி, முழங்கை நீளத்தில் பிடித்து முழு அன்னத்தையும் பார்த்தாள். பிறகு ஒரு கட்டம் தள்ளி வைத்தாள்.

முதலாளி தாளை வாங்கிச் சன்னல் பக்கம் கொண்டுபோனார்.

“நாரய வூட்லயே வெச்சிக்க. நீ திங்கக்கெழம வா. ஒம்போது மணிக்கு. இந்த அன்னத்த பாயி கடைக்கு அனுப்பி அட்டை அடிக்கச் சொல்லு.”

படியிறங்கும்போது ரூத் பாதியில் நின்று திரும்பினாள். “அண்ணா, ஒரு சோடா வாங்கித் தாங்க.” வாங்கிக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பன்னீர் சோடாவின் ருசி நாக்கில் இருக்கிறது. அதன் பிறகு எத்தனையோ ஊரில் சோடா குடித்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. ரூத்தும் தேவாவும் சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். என் பை தயாராக இருந்தது. வழியில் காதர் பாய் கடை. அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“என் ஆள கெளப்பி வுட்டுட்டு நீ எங்கப்பா போற? நாப்பது தறிக்கு அட்டை நிக்குது.”

“எந்திரத்த தொட வுடாதன்னு சொன்னீங்களே பாய்.”

“சொன்னேன். இப்ப தொடு. எவ்ளோ நாளு இருப்ப?”

“தெரியாது பாய்.”

“தெரிஞ்சவன்லாம் ஒரு வாரத்துல ஓடிட்டான். ஒக்காரு.”

பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ரூத் உட்கார்ந்து தேய்ந்த ஸ்டூல் அது. ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது. பாய் முதல் வேலையைக் கொண்டுவந்து பலகையில் செருகினார். முந்தின நாள் பார்த்த அன்னம். அதை நான் பார்ப்பதற்குள், மேலே ஒரு ஸ்கேலும் கீழே ஒரு ஸ்கேலும் வைத்து ஒரே ஒரு வரியை மட்டும் விட்டு மறைத்தார்.

“படத்த பாக்காத. அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சு, அவுரு படத்த பாத்தா எண்ண மறந்து அங்கயே ஒக்காந்துடுவாருன்னு.”

முதல் அட்டையைச் செருகினேன். நிரம்பிய கட்டம் ஆறு. ஆறு விசை அமுக்கி மிதித்தேன். டக். பாய் ஸ்கேலை ஒரு வரி இறக்கினார். எட்டு. டக். ஒன்பது. டக். விரல் வலித்தது, ஒரு தடவை எண்ணிக்கை தப்பி ஒரு அட்டை வீணானது, பாய் உருதுவில் ஏதோ சொன்னார். இருபது அட்டைக்குப் பிறகு எண்கள் குறையத் தொடங்கின. ஏழு, ஐந்து, ஐந்து, நாலு, நாலு, நாலு. பிறகு அந்த நாலு, வரிக்கு ஒரு கட்டம் வலப்பக்கமாக நகர்ந்தது. நான் ஒன்றும் பார்க்கவில்லை. ஆனால் கழுத்து தொடங்கிவிட்டது என்று தெரிந்தது.